பெயரில் பாதி அவர்: இயான் மர்டாக்

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல்)

நம் ஆண்டு மலரில் வருஷம் தவறாமல் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு வரும். பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். எடிசன் வந்துவிட்டார், விஸ்வேஸ்வரய்யா வந்துவிட்டார், ஜி.டி. நாயுடு இரண்டு தடவை வந்துவிட்டார். இந்த முறை எங்கள் துறை சார்பில் கணிப்பொறி ஆள் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன் என்று மலர்க்குழுவிடம் சொன்னேன். பில் கேட்ஸா என்று கேட்டார்கள். இல்லை, இயான் மர்டாக் என்றேன். யார்றா அது என்றார்கள்.

லினக்ஸ் உலகத்தில் அவரைத் தெரியாதவர் கிடையாது. நாமோ தினமும் அவர் பெயரில் பாதியைப் பார்த்துக்கொண்டே யாரென்று தெரியாமல் இருக்கிறோம். எங்கள் லேபில் மெஷினை ஆன் செய்தால் டெபியன் என்று வருமே, அந்தப் பெயரின் பின்பாதி அவர்தான். எப்படி என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் செய்த காரியம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதை மறைத்துவிட்டு இவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

போன வருஷம், பிராக்டிகல் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு நடந்தது இது. லேபில் உள்ள சர்வர் மெஷினை ரொம்ப நாளாக யாரும் அப்டேட் செய்யவில்லை. நான் செய்கிறேன் சார் என்று முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கினேன். ஆப்ட் அப்டேட் என்று அடித்தேன். திரையில் வரிசை வரிசையாக என்னென்னவோ ஓடியது, ஒரு நிமிஷத்தில் நின்றது. முடிந்தது சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து லேப் அண்ணன் பார்த்தால், எல்லாமே பழசு! ஒரு சாமான்கூட மாறவில்லை. மளிகைக் கடைக்குப் போய் விலைப்பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் சாமான் வாங்கியாச்சு என்று சொன்ன மாதிரி இருக்குதப்பா என்று சிரித்தார்.

உண்மைதான். இந்தக் குழப்பம் என்னைப் போலப் பலருக்கும் உண்டு. அப்டேட் என்றால் எந்தெந்தப் பேக்கேஜ் எந்தெந்தப் பதிப்பில் இப்போது கிடைக்கிறது என்ற பட்டியலை மட்டும் கொண்டுவந்து வைப்பது. அந்தப் பட்டியலைப் பார்த்து, நம்மிடம் உள்ளதோடு ஒப்பிட்டு, புதுசை இறக்கிப் போடுவதுதான் அப்கிரேட். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்தால் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு கடைக்குப் போன கதை. முதலாவதை மட்டும் செய்தால் என் கதை.

அவமானமாகப் போச்சு. அன்று சாயந்திரம் எல்லோரும் போன பிறகு, யாரிடமும் கேட்காமல் நானே உட்கார்ந்து அப்கிரேட் போட்டேன். நானூறுக்கு மேல் பேக்கேஜ். பாதி தாண்டியிருக்கும், கரண்ட் போச்சு. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துப்போய் பேருக்கு நின்றுகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. கரண்ட் திரும்பி வந்து ஆன் செய்தால் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். நாலு நாளில் தேர்வு, எல்லோருடைய ரெக்கார்டு புரோகிராமும் அந்த மெஷினுக்குள்! பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலை ஏழரைக்கெல்லாம் லேப் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. வந்து உட்கார்ந்து ஒரே ஒரு வரி அடித்தார். பாதியில் நின்ற பேக்கேஜ்களை எல்லாம் எடுத்து மீதி வேலையை முடி என்று டிபிகேஜி என்ற புரோகிராமுக்குச் சொல்கிற வரி. அது ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து செய்துகொண்டு போனது. நடுவில் ஒரு இடத்தில் நின்று கேள்வி கேட்டது. இந்த அமைப்புக் கோப்பை உங்கள் ஆள் யாரோ கையால் திருத்தியிருக்கிறார், புதுப் பதிப்பை வைக்கவா, அவர் திருத்தியதையே விட்டுவிடவா என்று. அது எங்கள் சார் தேர்வுக்காகத் திருத்தி வைத்த கோப்பு. இருக்கட்டும் என்று பதில் கொடுத்தார் அண்ணன். பிறகு, இறங்காமல் விட்டுப்போன மிச்சத்தையும் இறக்கிப் போட்டார். பத்து நிமிஷத்தில் மெஷின் எழுந்து உட்கார்ந்தது.

எங்கே நின்றோம் என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கெல்லாம் ஒருத்தர் அஸ்திவாரம் போட்டு வைத்தார், ஆரம்பித்தபோது அவருக்கு உன் வயசுக்குக் கிட்டத்தட்டத்தான் இருக்கும் என்றார். அப்படித்தான் இயான் மர்டாக் எனக்கு அறிமுகமானார்.

1973 ஏப்ரல் 28 அன்று, அப்போதைய மேற்கு ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். அப்பா பூச்சியியல் பேராசிரியர். வளர்ந்து படித்தது அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில். அங்குள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில்தான் அப்பாவுக்கு வேலை, மகனுக்கும் அங்கேயே கல்லூரி. பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் மெஷின்கள் அவரைப் பிடித்து இழுத்துவிட்டன. யூனிக்ஸ் அப்போது பெரும்பாலும் பெரிய பெரிய மெஷின்களில் ஓடுகிற, விலை கூடின சரக்கு. மாணவன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

அந்தச் சமயத்தில்தான் லினக்ஸ் வந்தது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட கெர்னல், சாதாரண 386 கம்ப்யூட்டரிலேயே ஓடும். ஆனால் கெர்னல் என்பது எஞ்சின் மாதிரி. எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட முடியுமா? சேஸிஸ், சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் வேறு வேறு இடத்தில் கிடந்தன. கம்பைலர் ஓர் இடத்தில், எடிட்டர் ஓர் இடத்தில். இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டி பிளாப்பி பிளாப்பியாகக் கொடுப்பதற்கு டிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர். அன்றைக்குப் பிரபலமாக இருந்தது எஸ்.எல்.எஸ். என்ற ஒன்று. மர்டாக்கும் அதைத்தான் பயன்படுத்திப் பார்த்தார். பிழைகள் மலிந்து கிடந்தன. திருத்துவார் இல்லை. புதுப் பதிப்பு வந்தால் பழசை அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவதுதான் பலருக்குத் தெரிந்த வழி. ஒரு புரோகிராமுக்கு இன்னொன்று தேவை என்ற கணக்கு எங்கேயும் இல்லை.

நம்மில் பலர் இந்த இடத்தில் என்ன செய்வோம்? டீக்கடையில் நின்று குறை சொல்வோம். மர்டாக் முதலில் எஸ்.எல்.எஸ்.ஸைச் சரிசெய்யலாமா என்று பார்த்தார். அதைவிட அடியிலிருந்து புதிதாகக் கட்டுவதே மேல் என்று தோன்றியது. 1993 ஆகஸ்ட் 16 அன்று இணையத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 20. கவனியுங்கள், நம் மூன்றாம் ஆண்டு மாணவனைவிட ஒன்றிரண்டு வயது அதிகம், அவ்வளவுதான். அன்றைய காதலியும் பின்னாளில் மனைவியுமான டெப்ராவின் பெயரிலிருந்து முன்பாதி, தன் பெயரான இயானிலிருந்து பின்பாதி. இரண்டும் சேர்ந்து டெபியன். காதலி பெயரை மரத்தில் செதுக்குவார்கள், பெஞ்சில் கீறுவார்கள். (நம் வகுப்பு பெஞ்சுகளைப் பார்த்தாலே தெரியும்!) இவர் செதுக்கிய இடம் உலகமெங்கும் உள்ள சர்வர்களில் இன்னும் இருக்கிறது. அந்தத் தம்பதி பின்னாளில் பிரிந்துவிட்டார்கள், பெயர் பிரியவில்லை.

அறிவிப்பைத் தொடர்ந்து கொள்கை விளக்கம் ஒன்றையும் எழுதினார். டெபியன் மேனிஃபெஸ்டோ என்று அதற்குப் பெயர். சாரம் இதுதான். டிஸ்ட்ரிபியூஷன் கட்டுவது பெருமை கிடைக்காத வேலை. கட்டும்போது உற்சாகம் இருக்கும், அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் பிழை திருத்திப் பராமரிக்க யாரும் நிற்பதில்லை. ஒரே ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தால் இப்படித்தான் ஆகும். ஆகவே அமைப்பைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும், அந்தந்தத் துண்டை அதில் விவரம் தெரிந்தவர் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லாம் வெளிப்படையாக நடக்க வேண்டும்.

நண்பர்களே, புரோகிராமிங் திறமை பலரிடம் உண்டு. இந்த யோசனை 20 வயதுப் பையனுக்கு வந்ததைத்தான் நான் பெரிசாக நினைக்கிறேன். எனக்கு அந்த வயசில் எல்லாவற்றையும் நானே செய்து பெயர் வாங்க வேண்டும் என்றுதான் தோன்றும். தோன்றியதன் பலனைத்தான் மேலே சொன்னேனே!

அந்தத் துண்டுக்குத்தான் பேக்கேஜ் என்று பெயர். 1994 ஜனவரியில் வந்த டெபியன் 0.91 பதிப்பில் பேக்கேஜ்களைப் போடவும் எடுக்கவும் எளிமையான ஏற்பாடு ஒன்று இருந்தது. டிபிகேஜியின் முதல் வடிவத்தை மர்டாக்கே ஷெல் ஸ்கிரிப்டாக எழுதினார். வேறு சிலர் கைவைத்தார்கள், பிறகு இயான் ஜாக்சன் என்ற இன்னொரு இயான் அதை சி மொழியில் திருத்தி எழுதி உறுதியாக்கினார்.

அதன் உள்வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மானத்தைக் காப்பாற்றியது அதுதான். ஒரு டெப் கோப்பைப் பிரித்தால் உள்ளே முக்கியமாக இரண்டு மூட்டை இருக்கும். ஒன்றில் சரக்கு, அதாவது புரோகிராம் கோப்புகள். இன்னொன்றில் விவரம்: பேக்கேஜின் பெயர், பதிப்பு எண், இது ஓட வேறு எது வேண்டும், எதோடு இதற்கு ஒத்துக்கொள்ளாது, இதற்குப் பொறுப்பாளர் யார். ஆம், பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் ஒவ்வொரு பேக்கேஜுக்குள்ளும் எழுதியிருக்கும்! போடும்போது வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் சரக்கை இறக்கி வைப்பது. பிறகு அதை அமைத்து ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது. ஒவ்வொரு பேக்கேஜும் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது ஒரு கோப்பில் எழுதப்பட்டுக்கொண்டே வரும். நடுவில் கரண்ட் போனாலும், இறக்கினேன், அமைக்கவில்லை என்ற கணக்கு டிஸ்கில் இருக்கும். கட்டட வேலையில் மேஸ்திரி சாயந்திரம் நோட்டில் குறித்துவிட்டுப் போனால் மறுநாள் வேறு மேஸ்திரி வந்தும் தொடரலாம் அல்லவா, அந்த மாதிரி. என் மெஷின் பிழைத்தது அந்த நோட்டால்தான்.

1994 நவம்பர் முதல் 1995 நவம்பர் வரை ஒரு வருஷம், ரிச்சர்ட் ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை டெபியனுக்குப் பண உதவி செய்தது. பொறுப்பாளர்கள் கூடினார்கள். 1995 கடைசியில் சுமார் 60 பேர். அந்தச் சமயத்தில் வேடிக்கையான ஒரு விபத்து. சிடி போட்டு விற்கிற கம்பெனி ஒன்று, இன்னும் முடியாத பதிப்பைத் தவறுதலாக டெபியன் 1.0 என்று பெயர் போட்டு வெளியிட்டுவிட்டது. அரைவேக்காட்டுச் சோற்றைப் பந்தியில் பரிமாறிய மாதிரி ஆகிவிட்டது! வேறு வழியில்லாமல் 1.0 என்ற எண்ணையே விட்டுவிட்டு, 1996 ஜூனில் வந்த அசல் பதிப்புக்கு 1.1 என்று எண் போட்டார்கள். அதில் 474 பேக்கேஜ்கள். நீங்கள் எங்கே தேடினாலும் டெபியன் 1.0 என்று ஒழுங்கான வெளியீடு கிடைக்காது.

ஆனால் அந்த 1.1 வெளிவந்தபோது மர்டாக் தலைவராக இல்லை. 1996 மார்ச்சிலேயே தலைமையை புரூஸ் பெரன்ஸிடம் கொடுத்துவிட்டார். அதே வருஷம்தான் பட்டமும் வாங்கினார். படிப்பு, குடும்பம் என்று காரணங்கள் இருந்தன. தன் பெயரையும் மனைவியின் பெயரையும் சூட்டிய ஒன்றை, மூன்றாவது வருஷத்திலேயே இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு விலகினார். நம் ஊரில் ஒரு கிரிக்கெட் டீம் ஆரம்பித்தவன்கூட பேட்டைக் கையை விட்டுக் கொடுக்க மாட்டான்!

பெரன்ஸ் அப்போது பிக்ஸார் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அங்கே எடுத்த டாய் ஸ்டோரி படம் 1995-ல் வந்திருந்தது. அதில் வரும் பொம்மைகளின் பெயர்களைத்தான் டெபியன் பதிப்புகளுக்கு வைத்தார்கள். பஸ், ரெக்ஸ், போ, ஹாம் என்று அன்று ஆரம்பித்தது இன்றும் தொடர்கிறது. முடிவே இல்லாமல் மாறிக்கொண்டிருக்கும் சோதனைப் பகுதிக்கு என்ன பெயர் தெரியுமா? சிட். படத்தில் பொம்மைகளைப் பிய்த்துப் போடுகிற பக்கத்து வீட்டுப் பையன்!

எல்லோரும் பழகிய ஆப்ட் பிறகுதான் வந்தது. 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1-ல் அது சேர்ந்தது. அதுவரை, எது வேண்டும் என்று டிபிகேஜி சொல்லுமே தவிர, தானே போய்க் கொண்டுவராது. ஆப்ட் அந்தக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு, வேண்டியது எல்லாவற்றையும் நெட்டிலிருந்து தானே இறக்கி, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் கொடுத்தது. அதை எழுதியவர்களில் மர்டாக் இல்லை. அவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல் வேறு ஆட்கள் கட்டிய மாடி அது.

இங்கே கொஞ்சம் நின்று இன்னொருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜோயல் கிளெக்கர் என்ற பையன். எஸ்பி என்ற புனைபெயரில் டெபியனில் பல பேக்கேஜ்களைப் பார்த்துக்கொண்டான். அதில் ஒன்று ஜிலிப்ஸி, அதாவது கிட்டத்தட்ட எல்லாப் புரோகிராம்களும் நம்பி நிற்கிற அடிப்படை நூலகம். அதில் கை தவறினால் மொத்த சிஸ்டமும் படுத்துவிடும். அவனுக்கு டூஷேன் என்ற தசை நலிவு நோய். படுக்கையை விட்டு எழ முடியாத நிலையிலும் வேலை செய்தான். கூட வேலை பார்த்தவர்களில் பலருக்கு அவன் இறந்த பிறகுதான் நோயே தெரிந்தது. மின்னஞ்சலில் வந்த அவனுடைய வேலை மட்டுமே அவர்களுக்குத் தெரிந்த எஸ்பி. 2000 ஜூலையில், 21 வயதில் இறந்தான். அடுத்த மாதம் வெளியான டெபியன் 2.2 பதிப்பை அவனுக்குச் சமர்ப்பித்தார்கள். இதைப் படித்த அன்று, இரவில் யாருக்கும் சொல்லாமல் மெஷினைப் பூட்டிவிட்டுப் போன என்னை நினைத்துக் கொஞ்சம் கூசிப்போனேன்.

பொறுப்பாளர் போய்விட்டால் பேக்கேஜ் என்ன ஆகும்? டெபியனில் அதற்கு அநாதை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அநாதைப் பேக்கேஜ்களின் பட்டியல் பொதுவில் இருக்கும். விருப்பமுள்ளவர் தத்து எடுத்துக்கொள்ளலாம். எடுக்கிறவரைக்கும் ஒரு குழு பார்த்துக்கொள்ளும். அப்கிரேட் என்று நாம் அடிக்கும்போது வரிசையாக ஓடுகிற பெயர்களில் எத்தனை தத்துப் பிள்ளைகளோ!

மர்டாக்கின் மீதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ப்ரோஜெனி என்ற கம்பெனியை இண்டியானாபோலிஸில் கூட்டாக ஆரம்பித்தார். டெபியனை வைத்து வியாபாரம் செய்யும் முயற்சி. ரெட் ஹாட் தன் பழைய பதிப்புகளுக்கு அப்டேட் கொடுப்பதை நிறுத்தியபோது, நடுத்தெருவில் நின்ற வாடிக்கையாளர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைச் சந்தா முறையில் கொடுக்கும் சேவையையும் இந்தக் கம்பெனி நடத்தியது. அருமையான யோசனை என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் கம்பெனி நிற்கவில்லை, 2007-ல் மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே அவர் லினக்ஸ் பதிப்புகளுக்குள் பொதுவான தரம் கொண்டுவரும் வேலைக்குப் போயிருந்தார்.

2007 மார்ச்சில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் சேர்ந்தார். இளம் வயதில் யாருடைய யூனிக்ஸ் எட்டாக்கனியாக இருந்ததோ, அப்படிப்பட்ட ஒரு கம்பெனியே இவரை அழைத்து, எங்கள் சோலாரிஸையும் லினக்ஸ் மாதிரி சுலபமாக்கிக் கொடுங்கள் என்றது! அந்தத் திட்டத்துக்கு இண்டியானா என்றே பெயர். 2008 மே மாதம் ஓப்பன்சோலாரிஸ் வெளிவந்தது. அதில் ஒரு வசதி என் கண்ணில் பட்டதும் பெருமூச்சு விட்டேன். அப்கிரேட் செய்யுமுன் அது ஓடுகிற சிஸ்டத்துக்கு ஒரு நகல் எடுத்து, நகலில்தான் மாற்றங்களைச் செய்யும். கெட்டுப்போனால் மெஷினை மறுபடி ஆன் செய்யும்போது பழசைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எங்கள் லேபில் அது இருந்திருந்தால் அன்று ராத்திரி நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். 2010-ல் சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கியதும் மர்டாக் வெளியேறினார்.

அதே 2008 மே மாதம் டெபியனில் பெரிய இடி ஒன்று விழுந்தது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற பேக்கேஜில், சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறதே என்று 2006-ல் இரண்டு வரியை நீக்கிவிட்டிருந்தார்கள். அதனால் ரகசியச் சாவி உண்டாக்கும் இடத்தில் தாறுமாறு எண் போய், ஒவ்வொரு வகைச் சாவியிலும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் சாவிதான் உண்டாகும் என்று ஆகிவிட்டது. பூட்டுக் கம்பெனி ஊருக்கெல்லாம் ஒரே கொத்துச் சாவியைக் கொடுத்த மாதிரி! கிட்டத்தட்ட இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் மறைக்காமல் அறிவித்துத் திருத்தத்தை வெளியிட்டார்கள். அப்கிரேட் போட்டவர்கள்கூட பழைய சாவிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. தலைவர் பொறுப்பை விட்டு மர்டாக் போய் 12 வருஷம் ஆகியிருந்த சமயம், அவருக்கு இதில் பங்கில்லை. ஆனால் துண்டுக்கு ஒரு பொறுப்பாளர் என்ற அவருடைய ஏற்பாட்டின் பலம் எதுவோ அதுவேதான் பலவீனமும் என்பதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை. ஒரு கை சறுக்கினால் உலகமே சறுக்கும்.

2011-ல் எக்ஸாக்ட் டார்கெட் என்ற கம்பெனியில் சேர்ந்தார். 2015 நவம்பரில் டாக்கர் கம்பெனிக்குப் போனார். புரோகிராமையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து அனுப்புகிற தொழில்நுட்பம் அது. பேக்கேஜ் மனிதருக்கு ஏற்ற இடம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அடுத்த மாதம், 2015 டிசம்பர் 28 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் இறந்துபோனார். வயது 42. கடைசி நாட்களில் போலீசாரோடு ஒரு தகராறு நடந்து, மனம் கலங்கிய நிலையில் இருந்தார். அது தற்கொலை என்று அங்குள்ள மருத்துவ அதிகாரி பிறகு முடிவு சொன்னார். இதைப் பற்றி ஊகங்கள் நிறைய உலவின. அவற்றில் எனக்கு நாட்டமில்லை. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று ஏற்பாடு செய்தவருக்கு அந்த இரண்டு மூன்று நாள் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் போச்சே என்பது மட்டும் எனக்கு ஆறவில்லை. ஹாஸ்டல் நண்பர்கள் யாராவது ரொம்ப நாளாகப் பேசாமல் மூலையில் இருந்தால் போய்க் கதவைத் தட்டுங்கள். இதை எழுதும்போது எனக்கு அதுதான் தோன்றியது.

2017 ஜூனில் வெளியான டெபியன் 9 பதிப்பை அவருக்குச் சமர்ப்பித்தார்கள். அதில் 51,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருந்தன.

டெபியனை அடிப்படையாக வைத்து எத்தனையோ கிளைகள். 2004-ல் வந்த உபுண்டு அதில் பிரபலமானது. நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2007-ல் வெளிவந்தது, அதுவும் டெபியன் வழிதான். 2011-ல் ஆரம்பித்த தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு இந்த பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் அக்காவுக்கு ஒன்று கிடைத்தது. அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. போன பொங்கல் லீவில் பரண்மேலிருந்து இறக்கி, தூசி தட்டி, பாஸ் பக்கமாக ஆன் செய்தேன். டிபிகேஜி என்று அடித்துப் பார்த்தேன். இருந்தது! பக்கத்தில் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் இயான், டெப்ரா கதையைச் சொன்னேன். அந்தப் பொண்ணு இப்போ எங்கேடா இருக்கு என்று அதை மட்டும்தான் கேட்டாள்.

இந்த வருஷம் எங்கள் லேப் மெஷின்களை டெபியன் 12-லிருந்து 13-க்கு ஏற்றும் வேலையைச் சார் என்னிடமே கொடுத்தார். புது பேட்டரி போட்ட பிறகுதான் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பேக்கப். பிறகு பட்டியல் கோப்பில் புக்வார்ம் என்று இருந்த இடத்தில் டிரிக்ஸி என்று மாற்றினேன். அப்டேட், அதன் பிறகு அப்கிரேட், கடைசியில் முழு அப்கிரேட். லேப் அண்ணன் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சர்வர் மெஷினில் நடுவில் அதே கேள்வி வந்து நின்றது, சார் திருத்திய அதே கோப்பு. நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சாரிடமே கேட்டுவிட்டு வந்து, இருக்கட்டும் என்று பதில் கொடுத்தேன். பெயர்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.